பாட்டுக்குப் பிணை யார்?

1881-82 குளிர்காலம். கல்கத்தாவில் கல்லூரி மாணவராக இருந்த நரேந்திரர் முதன்முறையாகத் தட்சிணேசுவரத்திற்கு வந்திருந்தார். பாடத் தெரியுமா என்று ஸ்ரீராமகிருஷ்ணர் கேட்டார். அந்நாளில் நரேந்திரருக்குத் தெரிந்திருந்த வங்கப் பாடல்கள் இரண்டு மூன்றுதான். அவற்றுள் ஒன்றை, மனத்தை அதன் உண்மையான இருப்பிடத்திற்கு அழைக்கும் பாடலை, அவர் முழுமனத்துடன் பாடினார். கேட்ட ஸ்ரீராமகிருஷ்ணர் பரவசத்தில் ஆழ்ந்தார். பின்னாளில் உலகை அசைத்த ஒரு குரு-சிஷ்ய உறவு அந்தப் பாடலின் வழியாகத் தொடங்கியது எனலாம்.

இந்த நிகழ்ச்சியை அறியாத பக்தர்கள் மிகக் குறைவு. ஆனால் அந்தப் பாடலை எழுதியவர் யார்? அவர் பெயர் அயோத்தியாநாத் பாக்ராசி. பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். வங்காளத்திலேயே இன்று இப்பெயரைக் கேட்டவுடன் அடையாளம் காண்பவர்கள் சிலர்தான். பாடலோ ஆசிரமங்களில் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

பிடித்த பாடலாசிரியர் யார் என்று எவரைக் கேட்டாலும் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்வார். அவரையே தனிமையில் முணுமுணுக்க விட்டுக் கவனித்தால், நாவில் வருபவற்றுள் பாதி வேறு யாரோ எழுதியவையாக இருக்கும். யார் என்று அவருக்கே தெரியாது. போற்றப்படும் பெயரும் நிலைத்திருக்கும் பாட்டும் எப்போதும் ஒன்றாகச் செல்வதில்லை. இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒரு பாட்டை மக்கள் நாவில் நிறுத்துவது எது? அப்படி நிலைத்துவிட்ட பாட்டின் சொற்களுக்கு அதை எழுதியவர் எந்த அளவுக்குப் பொறுப்பாளி? முதல் கேள்வி இலக்கியத்தைச் சேர்ந்தது போலவும் இரண்டாவது அறத்தைச் சேர்ந்தது போலவும் தோன்றும். சற்று நெருங்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான்.

முதல் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. மெட்டுதான் காரணம் என்பது ஒன்று. எழுதியவரின் பக்திதான் காரணம் என்பது மற்றொன்று. மெட்டு காரணமானால், ஒரே மெட்டில் அமைந்த பாடல்கள் எல்லாம் ஒரே அளவுக்கு நிலைத்திருக்க வேண்டும். வங்காளத்தில் 'பிரசாதி சுர்' என்று ஒரு மெட்டு உண்டு. எளியது, பயிற்சி இல்லாதவரும் பாடக்கூடியது. ராமபிரசாத சேனரின் பாடல்களில் பெரும்பாலானவை அந்த மெட்டில் பாடப்படுபவை. அவற்றுள் சில வீடுதோறும் ஒலிக்கின்றன. பல நூல்களில் மட்டும் கிடக்கின்றன. பக்தி காரணம் என்ற விடையும் நிற்பதில்லை. பக்தர்கள் எழுதியவை எல்லாம் நிலைத்திருந்தால், கோயில் விழா மலர்களின் பக்கங்களைப் புரட்ட ஆளில்லாமல் போயிருக்காது.

கணக்கேட்டில் ஒரு பாட்டு

ராமபிரசாதர் பதினெட்டாம் நூற்றாண்டினர். கங்கைக் கரையில் உள்ள குமாரஹட்டத்தில், இன்றைய ஹாலிசஹரில், பிறந்தவர். தந்தை இறந்தபின் குடும்பத்தைக் காக்கக் கல்கத்தாவில் ஒரு செல்வரிடம் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்ததாகச் சொல்வார்கள். கணக்கேட்டின் பக்கங்களில் வரவு செலவுக்கு இடையே காளியின் மீது பாடல்கள் இருப்பதைக் கண்ட மேலதிகாரி, முதலாளியிடம் ஏட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். படித்துப் பார்த்த முதலாளி கோபிப்பதற்குப் பதிலாக, மாதந்தோறும் உதவித்தொகை தந்து, ஊருக்குப் போய்ப் பாடல்கள் எழுதுமாறு அனுப்பிவைத்தார். இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கர்ணபரம்பரை என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் கதை ஓர் உண்மையைச் சரியாகப் பிடித்திருக்கிறது. ராமபிரசாதரின் பாடல் கணக்கேட்டை விட்டு விலகிப் போய்ப் பிறக்கவில்லை, கணக்கேட்டுக்குள்ளேயே பிறந்தது.

வரவு, பாக்கி, வசூல், ஜப்தி, டிக்ரி, கருவூலப் பொறுப்பு என்று அவர் பாடல்களில் வரும் சொற்களில் கணிசமானவை கச்சேரியிலிருந்து வந்தவை. காளியை அவர் ஒரு பெரிய பண்ணையின் எஜமானியாகக் காண்கிறார். தாம் அவளுடைய குடியானவர்; சில நேரம் கூலியில்லா ஊழியர். கண்ணைக் கட்டிச் செக்கில் பூட்டிய மாடு போலத் தாம் சுற்றிச் சுற்றி வருவதாக முறையிடுகிறார். மனித வாழ்வைப் பயிரிடப்படாமல் கிடக்கும் நல்ல நிலமாகக் கண்டு, உழவு தெரியாத தம் மனத்தைக் கடிந்துகொள்கிறார். அவர் வாழ்ந்த நூற்றாண்டை நினைவில் கொண்டால் இந்த உவமைகளின் எடை புரியும். 1757-இல் பிளாசிப் போர். 1770-இல் பெரும் பஞ்சம். வரி கட்ட முடியாமல் நிலத்தை விட்டு ஓடியவர்களும், கட்ட முடியாததற்காகச் சிறைப்பட்டவர்களும் ஊர்தோறும் இருந்த காலம். பாக்கி என்ற சொல் அன்று கேட்டவர்களின் வயிற்றைக் கலக்கிய சொல்.

ராமபிரசாதரை மொழிபெயர்ப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆங்கிலத்தில் இச்சொற்களுக்கு அடிக்குறிப்பு எழுத வேண்டியிருக்கும். தமிழில் அந்தச் சிரமம் இல்லை. ஜமாபந்தி, தாசில்தார், வசூல், பாக்கி என்று அதே பாரசீக, அரபுச் சொற்கள் நம் கிராமத்துப் பேச்சிலும் பழகியவைதான். தமிழ் மொழிபெயர்ப்பாளரின் தொல்லை வேறு. தெய்வத்தின் முன் இத்தகைய சொற்கள் மரியாதைக் குறைவாகத் தோன்றி, அவற்றை நீக்கி 'வினைப்பயன்', 'பிறவிக்கடன்' என்று எழுதிவிடத் தோன்றும். எழுதலாம், பொருளும் மாறாது. ஆனால் குடியானவன் போய்விடுவான். அவனோடு பாட்டும் போய்விடும்.

இதே ராமபிரசாதர் 'வித்யாசுந்தர்' என்ற காவியமும் எழுதினார். நதியா மன்னர் கிருஷ்ணசந்திரரின் ஆதரவும் 'கவிரஞ்சன்' என்ற பட்டமும் பெற்றவர் அவர். காவியத்திற்குரிய அலங்காரங்கள், வடமொழிப் புலமை, அரசவையின் சுவைக்கேற்ற வருணனைகள் எல்லாம் அதில் உண்டு. அதே மன்னரின் அவையில் விளங்கிய பாரதசந்திரரும் அதே கதையை எழுதினார், அதுவே புகழ்பெற்றது. ராமபிரசாதரின் காவியத்தை இன்று ஆராய்ச்சியாளர்களைத் தவிர வேறு யாரும் திறப்பதில்லை. மனிதர் ஒருவரே. அவருடைய பக்தியும் ஒன்றே, மொழித்திறனும் ஒன்றே. ஒரு நூல் அலமாரியில் உறங்குகிறது. கணக்கேட்டுப் பாட்டு படகோட்டியின் நாவில் ஏறியது. ஆகவே எழுதியவரின் வாழ்க்கையை மட்டுமோ திறமையை மட்டுமோ காட்டி இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

பொய் சொல்லாமல் பாடக்கூடிய பாட்டு

வேறுபாடு, பாடுபவனை அந்தப் பாட்டு எந்த நிலையில் வைக்கிறது என்பதில் இருக்கிறது. ஒருவன் பிறர் எழுதிய பாட்டைப் பாடும்போது, அதில் 'நான்' என்று வரும் இடத்தில் அவனே நிற்கிறான். அச்சொற்கள் அப்போது அவனுடைய சொற்கள். அவை அவனைப் பொறுத்தவரை உண்மையா என்ற கேள்வியை அவன் வெளிப்படையாகக் கேட்பதில்லை. ஆனால் அவனுள் ஏதோ ஒன்று கேட்கிறது. இறைவனைக் கண்டேன், பேரின்பத்தில் மூழ்கினேன், ஆசைகளை வென்றேன் என்று அடுக்கும் பாட்டைச் சாதாரண மனிதன் இரண்டு முறை பாடுவான். மூன்றாம் முறை நாக்கு தடுமாறும். தான் சொல்வது உண்மையல்ல என்று உள்ளிருக்கும் அந்தச் சிறிய நேர்மைக்குத் தெரியும். அதனால் எந்த அறிவிப்பும் இல்லாமல் அந்தப் பாட்டு கைவிடப்படுகிறது.

முறையீட்டுக்கு இந்தத் தடை இல்லை. ஒன்றும் பெறாதவனும் முறையிடலாம். வாடிய பயிரை வைத்துக்கொண்டு மழை கேட்கும் உழவன் பொய் சொல்வதாக எவரும் கருதுவதில்லை. ராமபிரசாதரின் நிலைத்த பாடல்களைப் பார்த்தால் பெரும்பாலானவை கேட்பவை, கோபிப்பவை, வாதாடுபவை, தம் மனத்தையே கடிந்துகொள்பவை. உயர்ந்த நிலையை எட்டிவிட்டதாகப் பறைசாற்றுபவை குறைவு. கடன்பட்டவனும், மகனைப் பறிகொடுத்தவளும், ஜபத்தில் மனம் நிலைக்காதவனும் அப்பாடல்களுக்குள் நுழைந்து, ஒரு சொல்லும் பொய்யாகாமல் பாடி வெளிவர முடியும். மக்கள் நினைவில் நிலைக்கும் பாட்டு என்பது சாதாரண மனிதன் பொய் சொல்லாமல் பாடக்கூடிய பாட்டு. உவமையின் நயம், ஓசை, திரும்பத் திரும்ப வரும் பல்லவி ஆகியவை எல்லாம் அதற்கு உதவுபவை. அவை இல்லாமலும் முடியாது. ஆனால் அவை மட்டும் போதுமானால் 'வித்யாசுந்தர்' நிலைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ராமபிரசாதர் முறையிட்டவர் மட்டுமல்லர். யமனை எதிர்த்து நின்று சவால் விடும் பாடல்களும் அவரிடம் உண்டு. அவையும் மக்கள் நாவில் நிலைத்தவை. மரணத்தைக் கண்டால் நடுங்கும் ஒருவன் அவற்றை எப்படிப் பொய்யில்லாமல் பாடுகிறான்?

விடை பாட்டின் கடைசி அடியில் இருக்கிறது. வங்கப் பாடல்களில் கடைசி அடியில் பாடலாசிரியரின் பெயர் வரும். 'பணிதா' என்று அதற்குப் பெயர். தமிழர்களுக்கு இது புதிதல்ல. ஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதிப் பாடலில் தம் பெயரை வைத்துப் பாடியதைத் திருக்கடைக்காப்பு என்கிறோம். கீர்த்தனைகளில் வருவதை முத்திரை என்கிறோம். பெயரை இப்படிப் பதிப்பது உரிமை கொண்டாடுவதற்கு என்று இக்காலத்தவர் நினைப்பதுண்டு. நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் அச்சிடும் வழக்கத்தால் வந்த எண்ணம் இது. பாடிப் பரவிய காலத்தில் அந்தப் பெயர் செய்த வேலை வேறு. அஞ்சாதவன் நான் என்று பாட்டு முழுதும் பாடிவந்தவன், கடைசி அடியில் இதைச் சொல்பவர் பிரசாதர் என்று பாடும்போது, சொல்லின் பொறுப்பு உரியவரிடம் போய்ச் சேர்கிறது. பாடியவன் அவருடைய வார்த்தையின் மறைவில், தந்தையின் மேல்துண்டைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கும் குழந்தையைப் போல, சற்று நேரம் அஞ்சாமல் நடக்கிறான். கச்சேரி மொழியிலேயே சொல்வதானால் அந்தப் பெயர் ஒரு பிணைக் கையெழுத்து. நான் கண்டேன், நம்பிப் பாடு, பொய்யானால் என்னைக் கேள் என்கிறது அது.

அப்படி ஒருவர் கேட்கவும் செய்தார். தட்சிணேசுவரத்தில் அன்னையின் தரிசனத்திற்காக ஏங்கிக் கதறிய நாட்களில், ராமபிரசாதருக்குக் காட்சி தந்தாயே, எனக்கு ஏன் தரவில்லை என்று ஸ்ரீராமகிருஷ்ணர் அழுததை அவரது வரலாறு பதிவு செய்திருக்கிறது. பல்லாயிரம் பேர் பாடி மகிழ்ந்த அந்தப் பாடல்களை அவர் சாட்சியாக ஏற்றார். ஒருவர் பெற்றது உண்மையானால் மற்றவருக்கும் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தச் சாட்சியம் பொய்யாகும். பாட்டின் சொல்லை இவ்வளவு கண்டிப்புடன் எடுத்துக்கொண்டவர்கள் அரிது. இனிமையான பாடல் என்று பாராட்டிவிட்டு அடுத்த பாடலுக்குப் போவதுதான் உலக வழக்கம்.

பெயர் மாறினால்

பிணைக் கையெழுத்து போலியானால் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வியல்ல. ராமபிரசாதரின் பாடல்களை ஈசுவர சந்திர குப்தர் 1850-களில் ஊர் ஊராகத் தேடித் தொகுக்க முயன்றபோது அவை ஏட்டில் இருந்ததைவிட வாயில்தான் அதிகம் இருந்தன. ராமபிரசாதர் என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்டோர் பாடியிருக்கிறார்கள். கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படும் த்விஜ ராமபிரசாதர் அவர்களுள் ஒருவர். யாருடைய பாட்டு எது என்று இன்று முழுவதுமாகப் பிரிக்க முடியாது.

கபீரின் நிலை இன்னும் சிக்கலானது. அவருடைய பாடல்களின் பழைய தொகுப்புகள் மூன்று வழிகளில் வந்திருக்கின்றன. கிழக்கே கபீர் பந்தத்தாரின் 'பீஜக்'; பஞ்சாபில் 1604-இல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தம்; ராஜஸ்தானத்தில் தாதுவின் வழியினர் காத்த ஏடுகள். ஆதி கிரந்தத்தில் மட்டும் கபீருடையவை ஐந்நூறுக்கு மேல். மூன்றிலும் பொதுவாகக் காணப்படும் பாடல்களோ மிகச் சில. க்ஷிதிமோகன் சேனர் திரட்டியவற்றிலிருந்து ரவீந்திரநாத் தாகூர் நூறு பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1914-15-இல் வெளியிட்டார். கபீரை உலகம் அறிந்தது அந்த நூலால்தான். அந்த நூறில் மிகப் பழைய ஏடுகளில் இருப்பவை வெகு குறைவு என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது. அந்நூலைப் படித்து வாழ்க்கை திருந்தியவர்கள் ஏமாற்றப்பட்டவர்களா?

இந்திய தத்துவ மரபில் இதற்கு நெருங்கிய ஒரு விவாதம் உண்டு. சொல் எப்போது பிரமாணமாகிறது? நம்பத்தகுந்தவர், அதாவது ஆப்தர், சொல்வதால் என்பது நியாய தரிசனத்தின் நிலை. சொன்னவரின் அறிவும் நேர்மையும் சொல்லுக்கு மதிப்பைத் தருகின்றன. மீமாம்சகர்கள் இதை ஏற்பதில்லை. வேதத்திற்கு ஆசிரியரே இல்லை. குறை என்பது சொல்பவனிடமிருந்து சொல்லுக்குள் நுழைவது. சொல்பவனே இல்லாத சொல்லில் குறை நுழைய வழியேது என்பது அவர்கள் வாதம். பாடல்கள் வேதமல்ல. எனினும் பெயர் தெரியாத பாட்டைத் தயக்கமின்றிப் பாடும் பக்தன் தன்னையறியாமல் மீமாம்சகன் பக்கம் நிற்கிறான். இதை எழுதியது உண்மையில் கபீர்தானா என்று ஏடு புரட்டும் ஆராய்ச்சியாளன் நையாயிகன் பக்கம் நிற்கிறான்.

இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பாட்டின் தன்மையைப் பார்த்தால் போதும். முறையிடும் பாட்டிலும், கடிந்துகொள்ளும் பாட்டிலும் மீமாம்சகன் சொல்வதே சரி. 'உன் கர்வத்தைப் பார்' என்று ஒரு பாட்டு சுட்டினால் கர்வம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவன் கேட்பவன்தான். சொன்னவர் கபீரா, கபீரின் பெயரை வைத்துக்கொண்ட ஒரு பிற்கால நெசவாளரா என்பதால் அவன் கர்வம் கூடவோ குறையவோ போவதில்லை. 'கண்டேன்' என்று சொல்லும் பாட்டு வேறு. அங்கே நையாயிகனின் கேள்வி வந்தே தீரும். காணாத ஒருவன் கண்டவரின் பெயரை வைத்துக் 'கண்டேன்' என்று எழுதினால் அது போலிப் பிணைதான். மெட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் சரி. தன் பெயரையே துறந்து கபீரின் பெயரில் கரைந்தவனின் பணிவைப் போற்றலாம். அவன் எழுதியதைச் சாட்சியமாக எண்ண வேண்டியதில்லை.

இந்தச் சிக்கலைச் சீக்கிய குருமார்கள் கையாண்ட விதம் அழகானது. குரு நானக்கிற்குப் பின் வந்த குருமார்களும் தாங்கள் இயற்றியவற்றில் நானக் என்ற பெயரையே முத்திரையாக வைத்தார்கள். பேசுபவர் ஒருவரே, உடல்கள்தான் வேறு என்பது அவர்கள் நிலை. ஆனால் ஆதி கிரந்தத்தில் ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் முதல் மஹலா, மூன்றாம் மஹலா, ஐந்தாம் மஹலா என்று எந்தக் குரு இயற்றியது என்பதும் குறிக்கப்பட்டிருக்கிறது. அகந்தைக்கும் இடமில்லை, மயக்கத்திற்கும் இடமில்லை.

இதற்கு மறுகோடியில், தன் படைப்பு ஒரு சுரமும் பிசகாமல் காக்கப்பட வேண்டும் என்ற கவலை. தாகூர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் இயற்றினார். அவை பிறர் கையில் திரிந்துபோகக் கூடாது என்பதில் அவருக்கு அக்கறை இருந்தது. சுரக்குறிப்புடன் அவை தொகுதி தொகுதியாக அச்சாயின. 2001 இறுதியில் பதிப்புரிமை முடியும்வரை விசுவபாரதியின் மேற்பார்வை இருந்தது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், தாம் அமைத்த மெட்டைத் தாமே மறந்துவிடுவது அவருக்கு வழக்கம். அண்ணன் மகன் வழிப் பேரனான தினேந்திரநாத்தை அழைத்து உடனே கற்பித்துவிடுவார். அவர் நினைவில் வைத்துச் சுரக்குறிப்பு எழுதுவார். இன்னொன்றும் உண்டு. 1905-இல் வங்கப் பிரிவினைக்கு எதிராக அவர் எழுதிய பாடல் 1972-இல் வங்காளதேசத்தின் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. அதன் மெட்டு சிலாயிதஹத்தில் கடிதம் கொடுத்துவந்த ககன் ஹர்கரா என்ற தபால்காரருடையது. அவர் பாடிய பாட்டைத் தாகூர் கேட்டிருந்தார். அதைப் பற்றிப் பின்னாளில் எழுதியும் இருக்கிறார். ஒரு நாடே எழுந்து நின்று பாடும்போது, தபால்காரர் ஒருவர் தம் உள்ளத்தில் உறைபவனைத் தேடி அலைந்த மெட்டு ஒலிக்கிறது.

பிணை கேட்கப்பட்ட நாள்

மேலே சொன்னவற்றில் ஒரு நிலை விடுபட்டிருக்கிறது. எழுதியவரையே ஒருநாள் அவருடைய பாட்டு வந்து கேட்டால்?

ரஜனீகாந்த சேனர் 1865-இல் பாப்னா மாவட்டத்தில் பிறந்தவர், ராஜசாஹியில் வழக்கறிஞர். தொழிலில் மனம் ஒட்டவில்லை, பாட்டில் ஒட்டியது. கூட்டங்களில் அங்கேயே அமர்ந்து எழுதி, அங்கேயே மெட்டமைத்துப் பாடக்கூடியவர். நகைச்சுவைப் பாடல்கள் எழுதி மக்களைச் சிரிக்கவைத்தார். சுதேசி இயக்க நாட்களில், உள்நாட்டு நெசவுத் துணியை மனமுவந்து உடுத்துமாறு அவர் எழுதிய பாடல் தெருத்தெருவாக ஒலித்தது. 'வாணி' 1902-இலும் 'கல்யாணி' 1905-இலும் வெளியாயின. இறைவனிடம் தூய்மையை வேண்டும் பாடல்களும், எல்லாம் உன் சித்தம் என்று ஒப்படைக்கும் பாடல்களும் அவருடைய நூல்களில் உண்டு. எழுதும்போது அவர் நலமாக இருந்தார், குரல் இருந்தது, கேட்கக் கூட்டம் இருந்தது.

பிறகு தொண்டையில் புற்றுநோய் வந்தது. 1910 தொடக்கத்தில் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூச்சுவிடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டார்கள். உயிர் சில மாதங்கள் நீடித்தது; குரல் அன்றோடு போயிற்று. பாடகரால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை; வேண்டியதை எழுதிக் காட்டினார். செலவுக்கு வழியின்றித் தம் நூல்களின் உரிமையை விற்றார். பாட்டு யாருடையது என்ற கேள்வி அவரைப் பொறுத்தவரை மருந்துச் செலவில் போய் முடிந்தது.

ஒப்படைக்கிறேன் என்று எழுதுவதற்கும் ஒப்படைப்பதற்கும் உள்ள தூரத்தை இதைவிடக் கடுமையாக ஒருவரிடம் அளந்து பார்க்க முடியாது. இந்நிலையில் அவர் கசந்துபோயிருந்தாலோ, எழுதுவதை நிறுத்தியிருந்தாலோ எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. முன்பு எழுதிய சரணாகதிப் பாடல்களை மக்கள் அப்போதும் பாடியிருப்பார்கள். ஏனெனில் அவை வேண்டுபவை, வேண்டுவதில் பொய்யில்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை. மருத்துவமனைப் படுக்கையில் தொடர்ந்து எழுதினார். தம்மிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறித்துத் தம் செருக்கை அழித்ததையும் இறைவனின் கருணையாகவே ஏற்கும் பாடல் அந்நாட்களில் பிறந்தது. நலமான காலத்தில் ஒருவர் இதை எழுதியிருந்தால் வழக்கமான பக்தி மொழி என்று கடந்துவிடலாம். குரல் இழந்தவரிடமிருந்து வந்தபோது அது வேண்டுதல் மட்டுமல்ல, சாட்சியமும் ஆகிவிட்டது.

1910 ஜூன் மாதம் தாகூர் அவரைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்தார். ரஜனீகாந்தரால் பேச முடியாததால் அவர் ஹார்மோனியம் வாசிக்க, அவருடைய மக்கள் அவர் பாடலைப் பாடினார்கள். தாகூர் பின்னர் அவருக்கு எழுதிய கடிதத்தில், எலும்பும் தசையும் நரம்பும் நாற்புறமும் வளைத்துக்கொண்டும் ஆன்மாவைச் சிறைப்படுத்த முடியாததைத் தாம் அன்று நேரில் கண்டதாகக் குறிப்பிட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் ரஜனீகாந்தர் மறைந்தார்.

அவருடைய பாடல்கள் வங்காளத்தில் இன்றும் 'காந்தகீதி' என்ற பெயரில் பாடப்படுகின்றன. பாடுபவர்களில் மருத்துவமனைக் கதை தெரிந்தவர்களும் உண்டு, தெரியாதவர்களும் உண்டு. தெரியாதவர் தூய்மை வேண்டிப் பாடுகிறார். அவருக்கு அது போதும். தெரிந்தவர் அதே பாடலைப் பாடும்போது சில இடங்களில் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்கிறார்.